பெரிதாக்கியும் தெரியாத எண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், ஜெபம் பண்ணுவேன், மூடி வைத்துவிடுவேன். என் மனைவிக்குத் தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது பிடிக்காது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். ஆண்டவர் முழுச் சுகம் கொடுத்தார் என்று எழுத முடிந்திருந்தால் கை தானாக ஓடியிருக்கும். அப்படி நடக்கவில்லை. நடக்காததை எழுதினால் அது பொய். நடந்ததை எழுதினால் விசுவாசம் இல்லாதவன் என்பார்களோ என்று நினைத்தேன். இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பூனாவில் சாங்விப் பகுதியில் குடியிருக்கிறோம். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிர்க்கிக்கு ராணுவத் தளவாட வேலைக்கு வந்தவர். நானும் அதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் ஸ்டோரில் இருந்து ரிட்டையர் ஆனேன். என் மனைவி ஊரில் விடுதிப் பள்ளியில் படிக்கும்போது கீபோர்டு படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த வருஷமே எங்கள் தமிழ்ச் சபையில் வாசிக்க உட்கார்ந்தாள். காதால் கேட்டு வாசிக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஐந்து கோடு போட்ட நோட்டுத் தாள் எதிரே இருந்தால்தான் கை போகும். எத்தனை வருஷம் வாசித்த பாட்டானாலும் தாள் வேண்டும்.

அந்தத் தாளில் கோடுகளின் தொடக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும். அதுதான் டைம் சிக்னேச்சர். பாட்டு எப்படி நடக்க வேண்டும் என்று அது சொல்லும். மேலே நாலு கீழே நாலு என்றால் நாம் நடக்கிற மாதிரி. மேலே மூன்று கீழே நாலு என்றால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மேலே ஆறு கீழே எட்டு என்றால் வண்டி மேடுபள்ளத்தில் துள்ளிப் போகிற மாதிரி. இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பாட்டின் நடுவில் இந்த எண் மாறினால், மாறுகிற இடத்தில் மறுபடி போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் போனால் வாசிக்கிறவள் ஒரு பக்கம், பாடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

சபைக்குத் தாள் எழுதிக்கொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எல்லாம் ஸ்டோர் சாமான் கணக்கு எழுதுகிற எக்செல் மட்டும்தான். பாடற்குழுவுக்குக் கொடுக்கிற பாட்டு வரிகளையும் அதிலேயே அடித்தேன். ஒரு கட்டத்தில் பாட்டு, பக்கத்துக் கட்டத்தில் டைம். ஆறு, ஒரு சாய்கோடு, எட்டு என்று அடித்தேன். அது தானாகத் தேதியாக மாறியதை நான் கவனிக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் குழுவில் கிதார் வாசிக்கிற தம்பி கோயம்புத்தூர்க்காரன், விமான் நகரில் ஐடி வேலை. அவன் தாளைத் தூக்கிப் பிடித்து, "அங்கிள், இந்தப் பாட்ட ஜூன் எட்டாந்தேதிதான் பாடோணுமா? அதுவரைக்கும் வாய மூடிட்டு இருக்கட்டுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள்.

பிறகு வேர்டில் அடித்தேன். அங்கே மூன்று, சாய்கோடு, நாலு என்று அடித்தால் அது முக்கால் என்கிற குட்டி எழுத்தாகச் சுருங்கிக்கொள்ளும். ஆறும் எட்டும் மட்டும் பெரிதாகவே நிற்கும். "ஒண்ணு எறும்பு, ஒண்ணு ஆனையா? ரெண்டும் ஒரே அளவா இருக்க வேண்டாமா?" என்று கேட்டாள். தானாக மாற்றுகிற வசதியை நிறுத்துவது எப்படி என்று அந்தத் தம்பிதான் காட்டினான். நோட்டு எழுதுவதற்கென்றே இருக்கிற சாஃப்ட்வேரையும் அவன்தான் என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். அதில் எண்ணைத் தட்டெழுத வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து எடுத்து வைத்தால் கோட்டுக்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஓய்வு பெற்றவனுக்கு ஆண்டவர் கொடுத்த ஊழியம் என்று செய்தேன்.

சபை ஆண்டுவிழாவுக்குப் புதுப் பாட்டு ஒன்று தயாரானது. தொடக்கம் நாலு நாலு. பல்லவி திரும்ப வருகிற இடத்தில் ஆறு எட்டு. அப்புறம் மறுபடி நாலு நாலு. முதல் பயிற்சியிலேயே அவள் மாறுகிற இடத்தை விட்டுவிட்டாள். குழு துள்ளிப் போகிறது, அவள் நடந்துகொண்டிருக்கிறாள்.

"நம்பர எங்க வச்சிருக்கீக? காணமே" என்றாள்.

"இந்தா, வரி ஆரம்பத்துல கெடக்கு பாரு."

"இப்ப தெரியுது. சின்னதா இருக்குல்லா, அதான்."

வயசாகிறது, எழுத்து சிறிதாக இருக்கிறது என்று நானும் நம்பினேன். சாஃப்ட்வேரில் தேடினேன். தூரத்தில் நின்று கை காட்டி நடத்துகிறவர்களுக்காக, டைம் எண்ணைக் கோட்டுக்குள் வைக்காமல் கோட்டுக்கு மேலே மிகப் பெரிதாகப் போடுகிற ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டேன். தாளைப் பார்த்தால் கடைப் பலகை மாதிரி இருந்தது. இனி யாருக்கும் தப்பாது என்று சந்தோஷமாகக் கொண்டுபோனேன்.

அந்தப் பயிற்சியில் அவள் ஒரு மாற்றத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, அங்கிள் பஸ் போர்டு சைஸ்ல போட்டிருக்காரு. ரோட்டுல போறவனுக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலைங்களா?" என்றான் அந்தத் தம்பி. விளையாட்டாகத்தான் சொன்னான். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் தாளில் விரலை வைத்தேன். அவள் கூரையைப் பார்க்கிற மாதிரி முகத்தை மேலே தூக்கினாள். பிறகு மெதுவாக இறக்கி என் விரலைத் தேடிப் பிடித்தாள். "ஐயோ, இங்கயா இருக்கு" என்றாள். அவள் குரல் எனக்கு அந்நியமாக இருந்தது. ஒரு சாண் தூரத்தில் இருக்கிற எண், முட்டை அளவு எண், அவளுக்கு இல்லாமல் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். பைபிளைப் பொடி எழுத்தில் வாசிக்கிறாள். ஊசியில் நூல் கோர்க்கிறாள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் போர்டைக் காட்டியபோது கடைசி வரி வரை சொன்னாள். ஆனால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறாள். தோளில் நீலமாகக் கன்றியிருக்கிறது. பக்கத்தில் வைத்த டம்ளரைக் கை தட்டிவிடுகிறது. பக்கத்து ஏரியாவான ஔந்தில் ரோட்டைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த ரிக்ஷாவுக்கு நேராகக் காலை எடுத்து வைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ரிக்ஷாக்காரர் மராத்தியில் திட்டிவிட்டுப் போனார். அவள், "எங்கிருந்து வந்தான் அவன்?" என்றாள். "இப்பல்லாம் எல்லாமே திடீர்னு வந்து நிக்குதுங்க. ஆளு, கதவு, நாற்காலி. யாரோ ஒளிச்சு வச்சிருந்து எடுத்து வைக்க மாதிரி இருக்கு."

இதைக் கேட்டதும் எனக்கு என்னென்னவோ பயம் வந்தது. மூளையில் கட்டியாக இருக்குமோ, வாதமாக இருக்குமோ, பிசாசின் வேலையாகவே இருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஜெபத்தில் வாய் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும். மனசோ, வாசலில் அவள் கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம், ஏன் செய்தேன் என்று தெரியாது, அதே பாட்டில் டைம் எண்களைப் பழையபடி சிறிதாக்கிக் கோட்டுக்குள் வைத்துப் பிரிண்ட் எடுத்தேன். வாசிக்கச் சொன்னேன். வரி தொடக்கத்தில் இருந்த ஒன்றை மட்டும் விட்டாள். மற்றதெல்லாம் சரியாகப் பிடித்தாள். பெரிய எண் போட்ட தாளை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சின்னதை வைத்தேன், தெரிந்தது. பெரிதாகப் போட்டால் மறைகிறது, சிறிதாகப் போட்டால் தெரிகிறது. இப்படி ஒரு கண் உண்டா?

"ஏளா, நாளைக்குக் கண் டாக்டர்ட்ட போறோம்."

"ஆண்டுவிழா முடியட்டும்."

"அதுவரைக்கும் என்ன ஆகும்னு தெரியாது."

"இப்பவே போனா மட்டும் என்ன சொல்லுவாகன்னு தெரியுமா? கீபோர்ட தொடாதேன்னு சொல்லிட்டா?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "எனக்கு அது ஒண்ணுதானே தெரியும்."

"நீ வாசிக்காட்டாலும் பரவாயில்ல. ரோட்டுல என் கைய விட்டு நடந்து போயிருவியோன்னு எனக்குப் பயமா இருக்குளா" என்றேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

டாக்டர் மராத்திக்கார அம்மா. ஹிந்தியில் பேசினார். நான் இரண்டு தாளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். இதைச் சொன்னால் கிறுக்கன் என்பாரோ என்று கூச்சமாக இருந்தது. பெரிசு தெரியலை, சிறிசு தெரியுது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைச் சித்தப்பா முறை வைத்து, "காகா, இதை இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும்" என்றார். கண்ணில் சொட்டு விட்டு அழுத்தம் பார்த்தார். பிறகு ஒரு பெட்டி மாதிரி மெஷின் முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். அதற்குள் நடுவிலே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சம் வந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும்.

திரைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் சத்தம் கேட்டது. டக். டக். அப்புறம் ஒன்றும் இல்லை. மெஷின் உள்ளே ஏதோ நகர்கிற மெல்லிய சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வருகிறது, அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அமுக்கு, அமுக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆண்டவரே, ஒரு தடவை அமுக்கட்டும் என்றேன். ஒரு டக் வந்தது. மறுபடி நீண்ட அமைதி. என் வாழ்நாளில் அப்படிப் பயந்தது கிடையாது. தொழிற்சாலையில் ஒரு தரம் தீப்பிடித்தபோதுகூட நான் அந்த அளவுக்குப் பயப்படவில்லை. வெளியே வந்தவள், "நெறைய நேரம் ஒண்ணுமே காட்டலைங்க, மெஷின் சரியில்ல போல" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

காச்பிந்து என்றார் டாக்டர், நம் ஊரில் கிளாக்கோமா என்பார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வருகிற நோய். வலி இருக்காது. நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், அதனால் ஊசி கோர்க்கலாம், பைபிள் வாசிக்கலாம். ஓரம் போய்விடும். அவர் தன் கை வளையலைக் கழற்றி நோட்டுத் தாள் மேல் பிடித்தார். "இவங்களுக்கு இந்த வளையலுக்குள் இருக்கிறதுதான் தெரியும். நீங்க எண்ணைப் பெரிசாக்கி மேலே வெச்சீங்க, அது வளையலுக்கு வெளியே போயிடுச்சு."

"திரும்பி வருமா?" என்று என் மனைவிதான் கேட்டாள்.

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது."

ரிக்ஷாவில் வீடு திரும்பினோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போட்டோம். எனக்கு ஜெபம் வரவில்லை. அவள்தான் பண்ணினாள். "மிச்சம் இருக்கிறத வச்சுக் காப்பாத்தும்" என்று மட்டும் கேட்டாள்.

ஆண்டுவிழாவுக்கு அவள் வாசித்தாள். வளையலை மனதில் வைத்துத் தாளை நான் மாற்றினேன். காகிதத்தின் அகலத்தைக் குறைத்து, ஒரு வரியில் கொஞ்சம் நோட்டே வருகிற மாதிரி செய்தேன். டைம் எண்களைக் கோட்டுக்குள் சாதாரண அளவில் வைத்தேன். அடுத்த வரியில் எண் மாறப்போகிறது என்றால் முந்தைய வரியின் கடைசியிலும் அதே எண்ணைப் போடுகிற வசதி இருக்கிறது, அதையும் போட்டேன். மாறுகிற இடங்களில் தப்பவில்லை. கிதார்த் தம்பி வந்து, "ஆன்ட்டி, அன்னிக்கு நான் பேசினது தப்புங்க" என்றான். "போடா, பஸ் போர்டு" என்று அவள் அவனை விரட்டினாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையின் ஓரத்தில் படி இருக்கிறதே, அதை அவள் பார்ப்பாளா என்பதுதான் எனக்குக் கவலை.

இன்றைக்கும் அப்படித்தான். மருந்து தீர்வதற்கு முன்னாலேயே வாங்கி வைக்கிறேன். சோதனைக்குப் போகும்போதெல்லாம் அதே பெஞ்சில் உட்கார்ந்து பொத்தான் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். இதுவரை ஆண்டவர் கிருபையால் வளையல் சிறிதாகவில்லை. அவள் இன்னும் வாசிக்கிறாள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் என் போனுக்கு வந்த ஒரு செய்தி. ஊரிலிருந்து ஒரு உறவுக்காரர் அனுப்பியிருந்தார். பூனாவில் ஒரு சகோதரி பார்வை இழந்து, ஜெபத்தினாலே ஆண்டுவிழா அன்று பார்வை திரும்பி வாசித்தாள், மருந்தெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று இருந்தது. அடியில் ஆமென், ஆமென் என்று நிறையப் பேர். எங்கள் கதைதான். கை மாறிக் கை மாறி இப்படி ஆகிவிட்டது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "இத நம்பி யாராவது சொட்டு மருந்த நிறுத்திட்டா?" என்றாள். "உள்ளது உள்ளபடி எழுதிப் போடுங்க."

எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதைக் கொடுங்கள், வாசிக்க வராதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் ஒரு வார்த்தையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். போன பார்வை வந்துவிட்டது என்று சேர்க்காதீர்கள், வரவில்லை. ஜெபத்தை எடுத்துவிடாதீர்கள், அதில்லாமல் நாங்கள் இல்லை. டாக்டரையும் மருந்தையும் எடுத்துவிடாதீர்கள். முக்கியமாக, எனக்கு இருக்கிற பயத்தை எடுத்துவிடாதீர்கள். அதைப் பார்த்தாவது யாராவது ஒருவர் தன் வீட்டு ஆளைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகட்டும்.