வெங்காயத் தொட்டியும் நான்காம் பிரிவும்

அப்பா போன மாதம் இறந்தார். அவர் காத்திருந்த சட்டம் இன்னும் வரவில்லை.

அவர் பெயர் பூன்லுவாங். லாவோஸின் வடக்கு மேட்டு நிலத்தில் நாபோங் எங்கள் ஊர். நெல் போட்டார். வயல் வேலை இல்லாத நாட்களில் ஊராரின் கைடிராக்டர்களைப் பழுது பார்த்தார்.

என் அண்ணன் தூய் ஒரு பனிக்காலக் காலையில் வயலோரம் குளிர்காயத் தீ மூட்டினான். அடியில் பொம்பி இருந்தது. கொத்துக்குண்டுக்குள்ளிருந்து சிதறும் சின்னக் குண்டுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. கைக்கு அடங்கும் உருண்டை. நான் பிறப்பதற்கு முன்பே விழுந்து மண்ணுக்குள் கிடந்தது, சூடு பட்டதும் வெடித்தது.

அதன் பிறகு அவர் மகள் நான் குண்டு அகற்றும் வேலையில் சேர்ந்தேன். அப்பாவின் பிடிவாதம் வேறு பக்கம் போனது. கொத்துக்குண்டைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஆனால் அதை மீறினால் தண்டனை என்று சொல்லும் உள்நாட்டுச் சட்டம் இல்லை என்று அவருக்கு நான்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒட்டரிசி உருண்டையைக் கூடையிலேயே திரும்பப் போட்டார்.

“ஊர் உலகத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணியாச்சு. நம்ம சட்டத்துல ஒரு வரி இல்லையா?”

“குண்டு போட்டது நாம இல்லையேப்பா.”

“அதனால? இந்த மண்ணுல இனி எவனும் அதைச் செய்யக் கூடாது, வச்சிருக்கக் கூடாது, இந்த வழியா எடுத்துட்டுப் போகவும் கூடாது. மீறினா ஜெயில். தூய் செத்ததுக்கு ஒருத்தனும் உள்ள போகல, சோன். அது எழுத்துல இருக்கணும்.”

மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் தலைநகரிலிருந்து ஒரு சட்ட வரைவு வந்தது. அதை ஊர் ஊராகப் படித்துக் கருத்துக் கேட்டார்கள். எங்கள் ஊரில் விகாரை மண்டபத்தில் கூட்டம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மாவட்ட அதிகாரி விலாய்கோன் நான்காம் பிரிவைப் படித்தார்.

“கொத்துக்குண்டையோ அதன் எந்தப் பாகத்தையோ தயாரிப்பது, வைத்திருப்பது, கைமாற்றுவது குற்றம்.”

அப்பா எழுந்தார். “தம்பி, எந்தப் பாகமும்னா? எங்க வீட்டு வெங்காயத் தொட்டியும் சேர்த்தியா?”

மண்டபம் சிரித்தது. சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. பொம்பிகளைச் சுமந்து வந்து நடுவானில் இரண்டாகப் பிளக்கும் இரும்பு உறையின் ஒரு பாதிதான் எங்கள் வெங்காயத் தொட்டி. கோழி எட்டாத உயரத்தில், நான்கு மரக்கால்கள் மேல், பின்வாசலில் இருந்தது. ஊரில் பாதி வீட்டில் அப்படி ஒன்று உண்டு.

எதிர்வீட்டு ஜந்தா அக்கா எழுந்தார். “நான் பன்னிக்கே அதுலதான் தண்ணி வைக்கிறேன். பன்னியையும் சேர்த்துப் பிடிப்பீங்களா?”

“என் மாமியார் வீட்டு வேலி முழுக்க அதுதான். அவங்கள முதல்ல பிடிங்க!” என்றது பின்வரிசையில் ஓர் ஆண்குரல்.

விலாய்கோனுக்கு வியர்த்தது. “நல்ல கேள்வி மாமா. மேல எழுதிக் கேட்கிறேன்.”

எழுதிக் கேட்டார். வரைவு தலைநகருக்குத் திரும்பிப் போய் அங்கேயே உட்கார்ந்தது. பல மாதம் கழித்து அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி, குண்டு அகற்றும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பதிலை நான் எழுதினேன். வெடிமருந்தும் அதை வெடிக்கவைக்கும் பொறியும் இல்லாத, மீண்டும் ஆயுதமாக்க முடியாத வெற்று உறை பாகமாகாது. ஒரே வாக்கியம். மீண்டும் ஆயுதமாக்க முடியாது என்று யார் சான்று தருவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் பதில் எழுதினேன். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் வரும் என்றார்கள். அந்தக் கூட்டத்தொடரில் வேறு சட்டங்கள் வந்தன.

“நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா சட்டம் வந்திருக்கும்” என்றார் அப்பா.

“வந்திருந்தா உங்களைத்தான் முதல்ல பிடிச்சிருப்பாங்க.”

“பிடிக்கட்டுமே. சட்டம் வந்திருக்கும்ல?”

ஒரு நாள் காலையில் தொட்டியைக் காலி பண்ணினார். வெங்காயத்தைப் பிடுங்கி ஜந்தா அக்காவிடம் கொடுத்தார், மண்ணைக் கொட்டினார். தொட்டியைக் கைடிராக்டரின் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். வாசலிலேயே தடதடவென்று இறக்கினார். விலாய்கோன் வெளியே ஓடி வந்தார்.

“என்ன மாமா இது?”

“பாகம். இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல. நானும் கேள்வி கேட்கல. சட்டத்தப் போடுங்க.”

“இதை வச்சு நான் என்ன பண்றது?”

“அத மேல எழுதிக் கேளு.”

 அந்த வருடமே அப்பாவுக்குக் கல்லீரல் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தன் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், கூட்டத்தொடர் எப்போது என்று கேட்டார். சொன்னேன். அதுவரை அவர் இருக்கவில்லை.

எரித்து, எலும்பு எடுத்து, சடங்கெல்லாம் முடிந்தது. பின்வாசலில் நான்கு மரக்கால்கள் மட்டும் நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. தொட்டியைத் திரும்ப வாங்கிவர மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

அது வாசலில்தான் இருந்தது. வெளிப்பக்கம் பச்சைப் பெயிண்ட். உள்ளே சாமந்தி.

விலாய்கோன் அப்பாவுக்காக வருத்தம் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். சட்டம் என்னாச்சு என்று கேட்டேன்.

அவர் செருப்பைப் பார்த்தார். “வரைவு திரும்பி வந்துச்சும்மா. நான்காம் பிரிவு அப்படியேதான் இருக்கு. எந்தப் பாகமும். இந்தத் தடவை கேள்வி எங்க பக்கத்துலருந்தே போயிருக்கு.”

“என்ன கேள்வி?”

“அரசாங்க அலுவலக வாசல்ல ஒரு பாகம் இருக்கே, சட்டம் வந்தா யார் மேல வழக்குன்னு எங்க ஆபீஸ் பெரியவர் கேட்டிருக்கார்.”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என் வாக்கியம் எந்த மேசையில் கிடக்கிறதோ.

“நீ எதுக்கு வந்தே?”

“தொட்டிய எடுத்துட்டுப் போக.”

அவர் முகம் மலர்ந்தது. “தாராளமா எடுத்துக்கோ! வண்டி வேணுமா? ரெண்டு ஆள் அனுப்பறேன். இன்னைக்கே எடுத்துட்டா, பெரியவர்கிட்ட பிரச்சினை தீந்துச்சுன்னு சொல்லிடுவேன்.”

பிரச்சினை தீர்ந்துவிடும். அவர்களுக்கு. தொட்டி எங்கள் பின்வாசலுக்கு வரும். பன்றிக்குத் தண்ணீர் வைக்கும் ஜந்தா அக்காவும் வேலிக்கார மாமியாரும் நான்காம் பிரிவுக்குள் இருப்பார்கள். அவர்களுக்காக யார் எழுதிக் கேட்பார்கள்? தொட்டி இந்த வாசலில் இருக்கும்வரை இவர்களே கேட்பார்கள்.

“வேண்டாம்” என்றேன். “இங்கேயே இருக்கட்டும்.”

“என்னம்மா, இப்பத்தானே கேட்டே?”

“சட்டம் வந்த அன்னைக்கு வந்து எடுத்துக்கிறேன்.”

“அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?”

“அதுவரைக்கும் உங்ககிட்டதான் இருக்கும். பூவுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, வாடுது.”