சந்தேகக் கொட்டகை

இரண்டாம் முறை பார்க்கிற படம் என்றால் லிங்கராஜ் இருக்கையில் உட்காருவதில்லை. பக்கவாட்டுக் கதவின் ஓரமாக, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, படம் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் கைக்குட்டை வெளியே வருகிறது, அதற்கு முன்பே வயலின் தொடங்கிவிட்டதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வயலின் முந்திக்கொண்டால் அந்தக் கண்ணீரை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

கோவில்பட்டியில் இப்படி ஒருவர் நின்றால் கேள்வி வராமல் இருக்காது. குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பலசரக்குக் கடைக்காரர் இடைவேளையில் அவரை மடக்கினார்.

“என்னவே, வந்ததுல இருந்து எங்க வரிசையவே பாத்துக்கிட்டு நிக்கீரு?”

“நீங்க அழுதியளான்னு பாத்தேன் அண்ணாச்சி.”

“நான் எதுக்குவே அழணும்? துட்டுக் குடுத்துல்லா வந்திருக்கேன்.”

அந்தப் பதிலை லிங்கராஜ் அன்றைக்கே தன் வலைப்பூவில் போட்டுவிட்டார். படத்தைப் பற்றி அவர் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

வலைப்பூவின் பெயர் ‘சந்தேகக் கொட்டகை’. எல்லாரும் வீடியோவில் பேசத் தொடங்கிய பிறகும் அவர் எழுத்தை விடவில்லை. பேசுகிறவன் முகத்தை வைத்து ஏமாற்றிவிடுவான், எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை என்பார். இத்தனை வருடங்களில் ஒரு படத்தையும் அவர் ‘நன்று’ என்று எழுதியதில்லை. அவர் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு, ‘குறை இன்னும் கண்ணில் படவில்லை’. அதற்கும் மறு வாரம் ‘பட்டுவிட்டது’ என்று ஒரு பின்குறிப்பு வந்தது.

பிழைப்புக்குத் தீப்பெட்டி லேபிள் வரைகிறார். ஓர் அச்சகத்தின் பின்னறையில் கணினி முன் உட்கார்ந்து, கட்டைவிரல் அகலத்துக்குள் யானையையும் தாமரையையும் ரயிலையும் அடைக்கிற வேலை. ஒரு கம்பெனியின் மரங்கொத்தி லேபிள் நன்றாக ஓடினால், கொஞ்ச நாளில் இன்னொரு கம்பெனியின் மரங்கொத்தி சந்தைக்கு வரும். வால் மட்டும் வேறு பக்கம் வளைந்திருக்கும். முதலாளிமார் இரண்டு பெட்டியையும் கொண்டுவந்து அவர் மேசையில் வைப்பார்கள். “பாருங்க லிங்கராஜ், இது நம்மளப் பாத்துப் போட்டதுதான?” அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்வார். பல நேரம் இரண்டுமே மூன்றாவது ஒன்றிலிருந்து எடுத்தவை. அதைச் சொன்னால் முதலாளிமாருக்குப் பிடிக்காது.

நாள் முழுக்க இந்த வால்களைப் பார்க்கிறவர் மாலையில் படம் பார்க்கப் போனால் என்ன பார்ப்பார்? கதாநாயகி பேருந்திலிருந்து இறங்கும்போது, இவள் வேறு எந்தப் படத்தில் இறங்கியவள் என்று யோசிப்பார். சந்தேகப்படுவதை ஒருவகை மரியாதை என்றே அவர் நினைக்கிறார். நம்பிவிட்டவன் அப்புறம் பார்ப்பதில்லை. நம்பாதவன்தான் கடைசி வரை கண் இமைக்காமல் இருக்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவி உமாதேவி வைத்த ரசத்தையும் அவர் அதே மரியாதையோடுதான் முகர்ந்து பார்க்கிறார்.

“ரசத்துல என்னத்தத் தேடுதிய?”

“நேத்து ரசமா இன்னைக்கு ரசமான்னு பாக்கேன்.”

“குடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். மூக்குக்கு எதுக்கு அவ்வளவு வேல?”

இப்படிப்பட்டவரைப் படம் எடுக்க வைத்தது வலைப்பூவில் வந்த ஒரு பின்னூட்டம். பெயர் போடாத யாரோ எழுதியிருந்தார்கள்: ‘ஊரார் பெத்த பிள்ளைக்கெல்லாம் மூக்கு சரியில்லன்னு சொல்லுதியளே. நீங்க ஒண்ணப் பெத்துக் காட்டுங்க அண்ணாச்சி.’ அந்த ‘அண்ணாச்சி’ அவரை உறுத்தியது. எழுதியது வெளியூர்க்காரர் இல்லை. அச்சகத்துக்கு அடுத்த கடையில் கல்யாண வீடியோ எடுக்கும் சக்திகுமார் மேல் சந்தேகம் விழுந்தது.

“நீதான எழுதுன?”

“எனக்கு ஒரு வாட்ஸப் செய்தி அடிக்கவே அரை மணி நேரம் ஆவும். இத நான் எழுதியிருந்தா இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

“அப்ப யாரு?”

“யாரா இருந்தா என்ன. கேமரா என்ட்ட இருக்கு. வாரியளா?”

குற்றவாளி தானே வந்து உதவி செய்கிறான் என்ற முடிவோடுதான் லிங்கராஜ் சம்மதித்தார். தூத்துக்குடியில் ஒரு திரைப்படச் சங்கம் குறும்படங்களை வாங்கித் திரையிடப் போகிறது என்று சக்திகுமார் விசாரித்து வந்தான். லிங்கராஜ் அதை வலைப்பூவில் ஒற்றை வரியில் அறிவித்தார். அதுவரை வாய் திறக்காமல் வாசித்துவந்தவர்கள் எல்லாரும் வந்து ‘காத்திருக்கிறோம்’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லில் வாழ்த்து எவ்வளவு, மிரட்டல் எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

கதை சிறியது. ஒரு பெண் கரிசல் காட்டில் நின்று மழையை எதிர்பார்க்கிறாள். மேகம் வந்து கலைகிறது. அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். நடிக்க அச்சகத்தில் ரசீது போடும் சுதாராணி ஒப்புக்கொண்டாள். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூன்று பேரும் நாகலாபுரம் போய், ஊருக்கு வெளியே உழுது போட்ட ஒரு காட்டில் இறங்கினார்கள். வெறும் கறுப்பு மண், மேலே வெள்ளை மேகம். சக்திகுமார் முக்காலியை நட்டு அதன் தலையில் கேமராவை மாட்டினான். சுதாராணி வானத்தைப் பார்த்தாள். கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் லிங்கராஜுக்கு எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது.

“பிள்ள, மழைய நெனச்சுக்கிட்டுப் பாரு.”

“மழையத்தான் நெனைக்கேன் அண்ணாச்சி. கொடியில துணி காயுது.”

அப்போதுதான் வண்டிப்பாதையில் ஒரு எக்ஸெல் மொபெட் வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். சட்டையில்லாத தோளில் துண்டு. வண்டியை நிறுத்தியவர் காட்டுக்குள் காலை வைக்காமல், வரப்போடு சுற்றி நடந்து வந்தார். நேராகக் கேமராவுக்கு எதிரே வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

“எந்தக் கம்பெனில இருந்து வாரிய?”

“கம்பெனி இல்லய்யா. குறும்படம் எடுக்குதோம்,” என்றான் சக்திகுமார்.

“போன வருசம் வந்தவியளும் கம்பெனி இல்லன்னுதான் சொன்னாவ. இதே மாதிரி மூணு கால நட்டுவச்சு, ஒத்தக்கண்ண மூடிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாவ. இப்ப கெழக்க போயிப் பாருங்க, கம்பி வேலி. உள்ள பூரா கண்ணாடிப் பலக.”

சோலார் நிலையத்துக்கு நிலம் அளக்க வந்த ஆட்கள் என்று நினைத்திருக்கிறார். அவர் பெயர் அய்யாத்துரை, காடு அவருடையது. சுதாராணியைக் காட்டி, இவள்தான் நடிக்கிறவள் என்று லிங்கராஜ் விளக்கினார். அய்யாத்துரை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“காட்டுக்காரியாவா?”

“ஆமா.”

“வெதச்ச காட்டுல செருப்புப் போட்டு நிக்கா.”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மழைக்கு முன்னாலேயே புழுதியில் உளுந்தைப் போட்டு மூடிவிட்டு, ஈரத்துக்குக் காத்திருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வெறும் நிலம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் விதை கிடந்தது. சுதாராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்புக்கு ஓடினாள். லிங்கராஜ் மன்னிப்புக் கேட்டார். அய்யாத்துரை அதையும் நம்பவில்லை. கம்பெனிக்காரர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள் என்றார். மூன்று காலும் மடங்கி வண்டியில் ஏறும்வரை நின்ற இடத்தை விட்டு அசையப் போவதில்லை என்றார். அசையவும் இல்லை.

கேமராவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

மறுநாள் வீட்டில் லிங்கராஜ் எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்த்தார். சுதாராணி வந்த காட்சிகளை அவரே ஒவ்வொன்றாகத் தள்ளினார். இது அந்தப் படத்து வால், அது இந்தப் படத்து வால். இது வேறொருவரின் படமாக இருந்திருந்தால் வலைப்பூவில் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம் என்று அவருக்குத் தெரிந்தது. போகிற வழியில் ரோட்டோர வேப்பமரத்தை எடுத்ததில்கூட யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்ட பார்வை இருந்தது. கடைசியில் அய்யாத்துரை வந்தார். கட்டிய கை, சுருங்கிய கண், பின்னால் கறுப்பு மண். அவர் கேமராவைப் பார்த்த பார்வையில் மழை, நிலம், கம்பி வேலி எல்லாம் இருந்தன. கதையே அங்கே நின்றுகொண்டிருந்தது.

தேநீரோடு வந்த உமாதேவி டம்ளரை வைக்காமல் நின்றாள்.

“இவிய யாரு? இவிய மட்டுந்தான் நெசமாப் பாக்காவ.”

இருபது வருடமாக லிங்கராஜ் ஒரு படத்தில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். இது வயலின் முந்தாத ஒரு முகம். அது தன் சாமர்த்தியத்தால் கிடைத்ததல்ல என்பது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கிடைத்துவிட்டது. இதை நீக்கினால் படம் இல்லை. இதை வைத்தால், வாழ்நாளில் முதல் தடவையாக, தன்னாலேயே குறை சொல்ல முடியாத ஒன்று.

“அவியள்ட்ட கேட்டியளா, படத்துல போடலாமான்னு?” என்றாள் உமாதேவி.

“கேக்கணும்.”

“கேக்கணும்னா எப்ப? தூத்துக்குடில போட்டுக் காட்டுன பெறகா?”

அந்த வாரம் முழுக்க அவர் அதைத் தள்ளிப் போட்டார். கேட்டால் அந்த மனிதர் என்ன சொல்வார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாத ஒரே விஷயம் அதுதான் என்பது அவருக்குப் புதிய அனுபவம். சக்திகுமாரோ ஒரு காதுகுத்து வீட்டுக்காகத் தன் கேமராவிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டான். காட்சி லிங்கராஜிடம் மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு காலை நாகலாபுரத்துக்குப் புறப்படும் முன் கணினியிலிருந்த காட்சியைப் போனுக்கு மாற்றினார். மாற்றிவிட்டுக் கணினியில் இருந்ததை அழித்தார். அந்த மனிதர் கேட்டால், இது ஒன்றுதான் என்று மனச்சாட்சியோடு சொல்லலாம். ஆனால் அழிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அதை ஒரு பென் டிரைவிலும் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். போன் கீழே விழலாம், தண்ணீரில் நனையலாம். இப்படித்தான் தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டார். எதையும் ஒரே இடத்தில் வைக்க அவருக்குப் பயம்.

அய்யாத்துரை வீட்டு முன்னால் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று தெருவின் கோடிவரை பார்த்தார். அப்புறம்தான் போனைக் கையில் வாங்கினார். தன்னைத் தானே பார்த்தார். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

“நல்லாத்தான் நிக்கேன், என்ன?”

“நல்லா இல்ல அண்ணாச்சி, ரொம்ப நல்லா இருக்கு. நான் அப்படியெல்லாம் லேசுல சொல்லுத ஆள் இல்ல.” லிங்கராஜ் ஓரடி முன்னால் வந்தார். “இத ஊருக்குக் காட்டணும். சம்மதம் சொல்லணும் நீங்க.”

“சம்மதம்.” அய்யாத்துரை அந்தச் சொல்லை மட்டும் எடுத்துத் திருப்பிச் சொன்னார். “கெழக்குக் காட்டு வெள்ளைத்தாயி தெரியுமா உங்களுக்கு? வேலிக்குள்ள போனது அவ காடுதான். கம்பெனிக்காரன் சும்மா ஒரு போட்டா எடுத்துக்கிடுதேன்னுதான் சொன்னான். அவளும் சீல மாத்திட்டு வந்து காட்டுல நின்னா. பெறகு பஞ்சாயத்துல அந்தப் போட்டாவக் காட்டி, அம்மா மனசாரத்தான் நின்னாங்கன்னு சொல்லிட்டான். நாளைக்கு இதக் காட்டி, அய்யாத்துரையும் அளக்கும்போது கூடத்தான் நின்னாருன்னு ஒருத்தன் சொன்னா, நீங்க கோவில்பட்டில இருந்து சாட்சிக்கு வருவியளா?”

“வருவேன்.”

“அன்னைக்கு உங்களுக்குத் தோது இருக்கணும், பஸ்ஸு இருக்கணும்.” அய்யாத்துரை சிரிக்கவில்லை. “அழிச்சிருங்க.”

லிங்கராஜ் படம் என்றால் என்ன என்று பேசத் தொடங்கினார். உண்மை, முகம், பார்வை என்று ஏதேதோ சொன்னார். எழுதும்போது நன்றாக வரக்கூடிய வாக்கியங்கள் அவை. ஆடு குழையைக் கடித்து இழுத்தது. அய்யாத்துரை போனை நீட்டிக்கொண்டே நின்றார்.

“எத அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. நானே அமுக்குதேன்.”

லிங்கராஜ் காட்டினார். அய்யாத்துரை அமுக்கினார்.

“எம் மவன் சொல்லுவான், அழிச்சாலும் உள்ள ஒரு குழிக்குள்ள கெடக்கும்னு.”

அதுவும் உண்மைதான். லிங்கராஜ் அந்தக் குழியையும் திறந்து காட்டினார். அய்யாத்துரை அங்கேயும் ஒரு தடவை அமுக்கினார். திரை காலியாயிற்று. போனைத் திருப்பிக் கொடுக்காமல், அன்றைக்குக் காட்டில் நின்ற அதே பார்வையை லிங்கராஜின் முகத்தில் வைத்தார்.

“வேற எங்கயும் வச்சிருக்கியளா?”

“இல்ல அண்ணாச்சி,” என்றார் லிங்கராஜ். சொல்லும்போதே அவருடைய வலது கை தானாக உயர்ந்து, சட்டைப் பையின் மேல், சத்தியம் செய்கிறவரைப் போல நெஞ்சோடு சேர்த்து அழுந்தப் படிந்தது.