தைப்பூசத்தன்று வேலியேறிய கடல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். சாமி இல்லை என்று சொல்ல வருகிறாள் என்பார்களோ என்று ஒரு பயம். மலையாளப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள் நான். தமிழில் ஒழுங்காக எழுத வருமா என்று இன்னொரு பயம். இன்று காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மட்டாஞ்சேரியில் வாய்க்கால் ஓரமாக எங்கள் வீடு. அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் ஓடை அள்ளும் வேலை. அப்பாவின் அக்கா, என் அத்தை, திருச்செந்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மாமா போனபின் எங்களோடு வந்துவிட்டவள்.

குளிர்காலத்தில் சில நாள் விடியலில் வாய்க்கால் பொங்கி உப்புத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அக்கம்பக்கத்தில் அதை வேலியேற்றம் என்பார்கள். கடல் ஏற்றத்துக்கு மலையாளத்தில் அதுதான் பேர். நானோ, கடல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் ஓலைவேலி மேல் ஏறிக் குதித்து வருகிறது என்றே நினைத்திருந்தேன். வேலியை இன்னும் உயரமாகக் கட்டச்சொல்லி அப்பாவுக்கு யோசனைகூடச் சொன்னேன்.

அத்தையின் யோசனை வேறு. தண்ணீர் வருவதெல்லாம் நல்ல நாளாகப் பார்த்துத்தான். கார்த்திகை தீபத்தன்று வந்தது, திருவாதிரையன்று வந்தது. அம்மா கோலம் போட்டு, சாமி படத்துக்குக் கீழே விளக்கேற்றி நிமிர்வதற்குள் தண்ணீர் படியேறி வந்து விளக்கை அணைத்துவிடும். தெருவுக்கே தண்ணீர் வந்தாலும் அத்தை கண்ணில் எங்கள் விளக்கு மட்டும்தான் படும்.

"எல்லாரும்தான் விளக்கு ஏத்துதாக. உன் விளக்கைத் தேடி வந்துல்லா அணைக்கு? உன் கைராசி அப்படி."

அம்மா நனைந்த திரியை எடுத்துப் பிழிந்து வைப்பாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். தைப்பூசம் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த முறையும் விளக்கு அணைந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பேசாமல் ஏற்றாமலே இருந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். தண்ணீர் பட்டால் விளக்கு அணையத்தானே செய்யும், இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் கடல் ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒருவர் வாய்க்காலில் அளவு கோடு போட்ட கம்பு ஒன்றை நட்டார். இன்னொருவர் தண்ணீரைக் குப்பியில் பிடித்து உப்பு பார்த்தார். ஒரு பெண் முழங்கால் சேற்றில் இறங்கி நத்தையும் புழுவும் பொறுக்கினாள். கூட வந்த இன்னொரு சேச்சியின் கையில் எந்தக் கருவியும் இல்லை. நேரே எங்கள் அடுக்களைக்கு வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கடலைப் படிக்க வந்தவங்க கடலுக்குப் போகாம எங்க அடுக்களையில என்ன பாக்குறீங்க?"

"கடல் உங்க அடுக்களைக்கு வருதல்லே சேட்டா? அதான் நாங்களும் வந்தோம்" என்றாள்.

எந்தெந்த நாள் வெள்ளம் வந்தது என்று கேட்டாள். அம்மா வாய் திறக்கவில்லை. அத்தை நாட்களை ஒப்பித்து, கூடவே கைராசியையும் சேர்த்தாள். சேச்சி சிரிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எழுந்து போய் மற்றவர்களையும் உள்ளே கூட்டி வந்தாள். அம்மா சாயா போட்டாள்.

கம்பு நட்டவர், அத்தை சொன்ன நாளெல்லாம் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது, பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சந்திரனும் சூரியனும் ஒரே நேராக நின்று கடலை இழுக்கும் என்றார்.

அத்தை விடுவாளா? "பௌர்ணமி மாசாமாசம் வருதுய்யா. வெள்ளம் மாசாமாசம் வரலியே?"

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நல்ல கேள்வி. அதை இவன்கிட்ட கேளுங்க" என்று குப்பிக்காரரைக் காட்டினார். குளிர் மாதங்களில் கிழக்குக் கடல் தண்ணீர் கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வரும், அப்போது கடலே கொஞ்சம் உயர்ந்து நிற்கும் என்றார் அவர். வந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்றாள் சேற்றுக் காலோடு நின்ற பெண். ஒருவர் கையில் சந்திரன், ஒருவர் கையில் உப்பு, ஒருத்தி கையில் சேறு. தன் கையில் இருப்பதுதான் கடல் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "கன்னியாரியச் சுத்தி வருதுன்னா, எங்க ஊர்த் தண்ணியா?"

"அந்தப் பக்கத்துத் தண்ணிதான், அம்மா."

அத்தை வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தாள், ஊரிலிருந்து வந்த ஆளைப் பார்ப்பது போல. "வாரதுதான் வருது, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?"

எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"போன வருஷம் தீபத்தன்னைக்கும்... நான் விளக்கே ஏத்தாம இருந்திருந்தாலும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும், அக்கா" என்றாள் சேச்சி. "ஆரு ஏத்தினாலும், ஏத்தலைன்னாலும் வந்திருக்கும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தை எழுந்து வந்து அவள் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கோ சேச்சி மேல் கோபம் கோபமாக வந்தது. வெள்ளம் வராது என்று சொன்னால் என்ன?

தைப்பூசத்தன்று விடியலில், தண்ணீர் இதுவரை வரும் என்று கம்புக்காரர் காட்டியிருந்த உயரத்துக்கு மேலே மேசை போட்டு அம்மா விளக்கேற்றினாள். தண்ணீர் வந்தது. விளக்கு நின்று எரிந்தது. அத்தை கணுக்கால் தண்ணீரில் நின்றபடி முதலில் முருகனையும் பிறகு தண்ணீரையும் கும்பிட்டாள். தம்பி சுகமாகப் பிறந்தான்.

தம்பி உண்டாவதற்கு முந்தின வருஷம் தீபம் முடிந்த கையோடு அம்மாவை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் வயிற்றுவலி என்றே நினைத்திருந்தேன். பள்ளுருத்திக்கு வாழ்க்கைப்பட்டு, நான் முழுகாமல் இருந்தபோதுதான், அன்று அம்மா எதை இழந்துவிட்டுத் திரும்பி வந்தாள் என்று அத்தை சொல்லி அழுதாள்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் அத்தையைக் கெட்டவளாக்கிவிடாதீர்கள். சாமி இல்லை என்று அந்தச் சேச்சி சொன்னதாகவும் சேர்த்துவிடாதீர்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. "வந்திருக்கும், அக்கா" என்றாள். அதை அப்படியே சொல்லுங்கள்.