செங்கோல் தூக்காத செபமாலைமுத்து

செபமாலைமுத்துவுக்குப் பதவி ஆசை கிடையாது. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர்தான் தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் உள்ள தன் வீட்டு நடையில், நிலம் துடைக்கும் தடியை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து குசினி அடுப்பு வரை மெல்ல மெல்ல நடந்து பழகினார். மனைவி இம்மாகுலேற் எட்டிப் பார்த்தால் உடனே தடியை இறக்கித் துடைக்கத் தொடங்கிவிடுவார். அந்த மார்ச் மாதம் பளபளத்த மாதிரி அந்த வீட்டு நிலம் அதற்கு முன் பளபளத்ததே இல்லை.

தடி எதற்கென்று சொல்லிவிடுகிறேன். லண்டன் பெரிய ஊர். அதன் நடுவில் சிற்றி என்று ஒரு சின்னப் பழைய நகரம் இருக்கிறது. வங்கிகளும் வக்கீல்களும் நிறைந்த அந்த இடத்துக்குத் தனி மேயர், தனிச் சம்பிரதாயங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் ஆல்டர்மன் என்று ஒரு பிரதிநிதி உண்டு. அவர் சடங்குகளுக்குப் போகும்போது அங்கியும் தொப்பியும் அணிந்து, செங்கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க ஒருவர் வேண்டும். அப்படி நடப்பவருக்குப் பெயர் பீடில். நடப்பதுதான் வேலை, அதிகாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நம்மாட்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதவியை வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருக்க முடியாது.

செபமாலைமுத்து அந்த வட்டாரத்தில்தான், ஒரு சந்துக்குள், சப்பாத்துத் திருத்தி, பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அதனால் அவருக்கு அங்கே வாக்கும் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் குனிந்து தங்கள் காலிலிருக்கும் சப்பாத்தைப் பார்ப்பார்கள், பிறகு மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அவருடைய முகத்தைப் பார்க்கும் முறை வருவதற்குள் போய்விடுவார்கள். ஒரே ஒருநாள், அந்த வீதியில், எல்லோரும் ஒதுங்கி நின்று தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனுசன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பழைய பீடில் முழங்கால் வருத்தத்தால் ஓய்வெடுத்தார். அடுத்தவரை வட்டாரக் கூட்டத்தில் கையுயர்த்தித் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் கூட்டத்துக்கு முன்னமே பாதி வேலை முடிந்துவிடும். வட்டாரக் கழகத்தின் செயலாளர் அம்மையார் ஒருநாள் தன் சப்பாத்துக்குக் குதி அடிக்க வந்தபோது, கதையோடு கதையாக விசயத்தை விளக்கினார். இங்கே யாரும் தானாகப் போய்ப் பதவி கேட்பதில்லையாம், அது நாகரிகமில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆளின் பேச்சையும் பழக்கத்தையும் பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டால் கூட்டத்தில் பெயரைச் சொல்லுவார்கள். ஆல்டர்மன் சம்மதமா என்று கேட்பார். சம்மதம் என்றால் கைகள் உயரும்.

செபமாலைமுத்துவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. இது எங்கட முறையல்லவா என்று நினைத்தார். தமிழ்ப் பங்குக் கோவிலில் அந்தோனியார் திருநாளுக்குத் தலைவர் தெரிவு செய்வதும் இப்படித்தான். ஒருவர் பெயரைச் சொல்லுவார்; சொல்லப்பட்டவர் தனக்கு ஏலாது என்பார். இரண்டாம் முறை கேட்டால் நேரமில்லை என்பார். மூன்றாம் முறை பங்குச் சுவாமியாரே கேட்பார். சுவாமியாரின் சொல்லைத் தட்டக்கூடாதே என்று தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். வேதத்தில் இராயப்பர் இயேசுவைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலித்துவிட்டு அழுதார். நம்மவர்கள் மூன்று தரம் மறுதலித்துவிட்டு மாலை போட்டுக்கொள்வார்கள். செபமாலைமுத்து இந்த வித்தையில் கரைகண்டவர். முதல் கேள்விக்கே ஓமென்று சொன்ன ஒரு பாவியைப் பங்கில் இன்றைக்கும் பதவிப் பேய் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லித் திரிந்தவர்களில் முதல் ஆள் செபமாலைமுத்து.

சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அவித்த பட்டாணியை முள்ளுக்கரண்டியால் குத்திப் பிடிப்பதிலேயே அவருக்குப் பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் மற்றவர்கள் சொன்ன பகிடிகளுக்குச் சிரித்தார். அவர்களுக்கு ஆளைப் பிடித்துக்கொண்டது. அவரோடு இன்னொருவரையும் அழைத்திருந்தார்கள். முகுந்த் என்று, சென்னைக்காரர், பக்கத்து வங்கியில் வேலை; நாற்பது வயதிருக்கும். கூட்டத்துக்கு முதல் நாள் அந்த முகுந்த் மரியாதையாகச் செபமாலைமுத்துவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணா, உங்களுக்கு இதுல விருப்பம் இருந்தா சொல்லிடுங்க. நான் ஒதுங்கிக்கிறேன். சீனியர் நீங்க."

"எனக்கென்னத்துக்குத் தம்பி உதெல்லாம்," என்றார் செபமாலைமுத்து. "நீங்கள் இளம் ஆக்கள், நீங்கள் செய்யுங்கோ."

முகுந்த் நன்றி சொல்லி வைத்துவிட்டார். செபமாலைமுத்து போனைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். இரண்டாம் தரம் கேட்காமல் வைத்துவிட்டானே, சின்னப் பெடியன், முறை தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று கடையைப் பூட்டிவிட்டு, கலியாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். பழைய மண்டபம், மரக் கதிரைகள். செயலாளர் அம்மையார் எழுந்து, செபமாலைமுத்துவின் பெயரைச் சொன்னார். முழுப்பெயரையும் சொன்னார். எங்கேயோ இருந்து பழகிக்கொண்டு வந்திருக்கிறார், ஓர் எழுத்துக் கூடத் தவறவில்லை. ஆல்டர்மன் செபமாலைமுத்துவின் பக்கம் திரும்பி, இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

செபமாலைமுத்து எழுந்து கோட்டை இழுத்துவிட்டார். தன்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள், தான் ஒரு சாதாரண ஆள், தன்னை மன்னிக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. இரண்டாம் கேள்வி வரும்போது மறுபடி எழும்பத் தேவையில்லையே.

ஆல்டர்மனின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அவருடைய முடிவை மதிப்பதாகச் சொன்னார். செபமாலைமுத்து நின்றுகொண்டே இருந்தார். ஆல்டர்மன் அவரைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைத்தார், அவரும் தலையசைத்தார். பிறகு பின்னால் இருந்தவர் கோட்டை மெல்லத் தொட்டு, மறைக்கிறது என்றார்.

அடுத்து முகுந்தின் பெயர். சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள், பெருமகிழ்ச்சியோடு சம்மதம், சப்பாத்துக் கடை அண்ணாவும் ஆசீர்வாதம் தந்திருக்கிறார் என்று முகுந்த் அவரைக் கைகாட்டினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்த கை செபமாலைமுத்துவுடையது. மனசு ஒன்று நினைக்கக் கை தன்பாட்டில் நல்லபிள்ளைக்கு நடித்தது. அந்தக் கையை வெட்டிப்போட்டால் என்ன என்றிருந்தது அவருக்கு.

திரும்பும்போது டிராமில் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டித் தீர்த்தார். வெள்ளைக்காரனைக் குறை சொல்லிப் பார்த்தார், ஒட்டவில்லை. சென்னைக்காரனைக் குறை சொல்லிப் பார்த்தார், அதுவும் ஒட்டவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தார்கள்.

வீட்டில் ரோல்ஸ் பொரியும் வாசம். எப்படியும் பதவியை அவர் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பங்கு ஆட்களைப் பின்னேரம் வரச் சொல்லியிருந்தார் இம்மாகுலேற். கணவர் குசினி வாசலில் கோட்டைக் கழற்றாமல் நின்று நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் ரோல்ஸைப் பிரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப உங்களுக்கு அது விருப்பமாவோ இருந்தது?" என்றார் கடைசியில்.

"ஓம். சரியான விருப்பம்."

"பிறகேன் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?"

"அப்பிடித்தானே சொல்லுறது," என்றார் செபமாலைமுத்து எரிச்சலோடு. "மனசுக்குள்ள இருக்கிறது ஆக்களுக்கு விளங்க வேணும். எங்கட கலியாணத்துக்கும் நான் அப்பிடித்தானே சொன்னனான். எனக்கு இப்ப என்னத்துக்கு, அம்மா ஆசைப்பட்டாச் செய்யிறன் எண்டு. உமக்கு விளங்கினதுதானே."

இம்மாகுலேற் கரண்டியை வைத்தார்.

"எனக்கு எப்பிடி விளங்கும்?" என்றார். "கொம்மா ஆசைப்பட்டுத்தான் கட்டினனீங்கள் எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பழகிப்போன ஒரு விசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, இந்தக் குளிருக்குள் செபமாலைமுத்துவோடு தேய்ந்த ஒரு மனுசி, வேண்டாமென்றவனின் வீட்டில் இருப்பதாக நினைத்தபடியே தினமும் சோறு போட்டிருக்கிறார். மண்டபத்தில் போனது ஒரு தொப்பியும் அங்கியும்தான். இங்கே போனது என்ன என்று கணக்குப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் விருப்பப்பட்டுத்தான் கட்டினனான்," என்றார். "முதல் நாளே உம்மைப் பிடிச்சது."

இம்மாகுலேற் அடுப்பை நிறுத்தினார். எண்ணெயின் இரைச்சல் அடங்கியது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார்.