நின்னுச்சா, அடங்கிச்சா?

நாற்பத்தெட்டு வயதாகியும் அவள் எந்த இயந்திரத்தையும் தன் கையால் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர்கள் கை கால் முழுசாக வீடு திரும்புவதற்கான படங்களை வரைவதுதான் அவள் வேலை. எந்தக் குழாயில் எண்ணெய் போகும், எந்த வால்வு எப்போது மூடும், மின்சாரம் போனால் எது தானாகத் திறந்துகொள்ளும் என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருக்கும். இருபத்துமூன்று வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் திருத்த எண்ணும் அவளுடைய குட்டிக் கையெழுத்தில் உண்டு.

தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அங்கே ஃபிட்டராக இருந்த அவளுடைய சொந்தத் தம்பி அப்படிக் கூப்பிடப்போய், அவளைவிட ஒன்பது வயது மூத்த ஃபோர்மேன்வரை அது தொற்றிக்கொண்டது.

யாராவது ஒரு மெஷினை நிறுத்திவிட்டு அதனருகே போனால் போதும், மாடியில் படம் வரையும் அறையின் ஜன்னலிலிருந்து அவள் குரல் கேட்கும்: "நின்னுச்சா, அடங்கிச்சா?"

சமையலறையிலிருந்து எடுத்துவந்த பேச்சு அது. அடுப்பை அணைத்ததும் குக்கரின் விசில் நின்றுவிடுகிறது. அதற்காக உடனே மூடியைத் திறப்பவர் உண்டா? ஆவி அடங்கட்டும் என்று காத்திருக்கிறோம். சுவிட்சைத் தட்டினால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழுத்தம் அடங்கியதா என்பது தனிக் கணக்கு.

ஃபோர்மேனுக்கு இந்தக் கேள்வி ஆகாது. "காலங்காத்தால அடங்கிச்சா அடங்கிச்சான்னு கேக்காதீங்கக்கா. எழவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

"கேக்காம விட்டாத்தாங்க அங்க போய் நிக்கணும்."

அவளுக்கு எண்ணெய் அழுத்தத்தின்மேல் ஒரு பிரமிப்பு, முதல் நாள் வந்தது, கடைசிவரை குறையவே இல்லை. தகடுகளை அழுத்தி வளைக்க அங்கே செய்து விற்கும் பெரிய பிரஸ்ஸின் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு எஃகு பாட்டில் நிற்கும். அதற்குள் ஒரு ரப்பர் பையில் வாயு, பையைச் சுற்றிலும் எண்ணெய். பம்ப் எண்ணெயைத் திணிக்கத் திணிக்கப் பை சுருங்கும். அதன் பிறகு பம்பை நிறுத்தினாலும் அந்தப் பலம் பாட்டிலுக்குள்ளேயே கிடக்கும். சத்தமில்லை, சூடில்லை, ஓர் அசைவில்லை. ஆனால் உள்ளே ஒரு கட்டைவிரல் நக அளவு இடத்தில் இரண்டு ஆட்களின் எடை ஏறி நிற்கும். பாட்டிலைக் கடக்கும்போதெல்லாம் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தூங்குகிற யானையைத் தாண்டிப் போகிறார் என்று கூடத்தில் சிரிப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. அப்படிச் செய்த எட்டாவது பிரஸ் மதியம் லாரியில் ஏற வேண்டும். காலை பதினொன்று நாற்பதுக்கு, பாட்டிலின் அடியில் ஒரு இணைப்பில் எண்ணெய் துளிர்ப்பதைத் தம்பி பார்த்தான். மெஷினை அணைத்தான். அழுத்தமானியைப் பார்த்தான், முள் பூஜ்யத்தில் கிடந்தது. ஸ்பானரை எடுத்து இணைப்பில் மாட்டினான்.

"நின்னுச்சா, அடங்கிச்சா?"

"ரெண்டும் ஆச்சுக்கா! முள்ளு படுத்துத் தூங்குது, வந்து தாலாட்டு வேணா பாடு."

"கை வால்வைத் திறந்து விட்டியா?"

"மீட்டர் பூஜ்யம் காட்டுறப்ப அது எதுக்கு? லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக் கொல்றான்."

"ஸ்பானரைக் கீழ வைடா."

அவள் படியிறங்கி வந்தாள். மின்சாரம் நின்றதும் தானாகத் திறந்து, பாட்டிலின் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிட ஒரு வால்வு இருந்தது. அது திறக்காமல் போனால் கையால் திறந்துவிடத்தான் அந்தச் சின்னக் கை வால்வு. அவள் அதைக் கால் திருகு திருகினாள்.

தொட்டிக்குள் எண்ணெய் சீறியது.

தம்பி முள்ளைப் பார்த்தான். பூஜ்யம். ஃபோர்மேன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பூஜ்யமேதான். சீறல் நிற்கவில்லை. அடுத்த பெஞ்சில் அரம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். லாரியின் ஹாரன்கூட எங்கோ தொலைவில் கேட்பது போலிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தெட்டு விநாடி. அதன் பிறகு சத்தம் மெலிந்து, முனகி, அடங்கியது.

தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது ஆள், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை யாரோ அப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனவை போல.

தானாகத் திறக்க வேண்டிய வால்வைக் கழற்றினார்கள். நகத்துணுக்கு அளவு இரும்புச் சீவல் ஒன்று அதைத் திறக்கவிடாமல் பிடித்திருந்தது. அது சரி, முள் ஏன் பொய் சொன்னது? அவள் மாடிக்குப் போய்ப் படத்தை விரித்தாள். எண்ணெயைப் பாட்டிலுக்குள் விட்டுத் திரும்ப வராமல் தடுக்கும் ஒருவழி வால்வுக்கு இந்தப் பக்கம், பம்ப் பக்கத்தில், அழுத்தமானி இருந்தது. பம்ப் நின்றதும் பம்ப் பக்கம் மட்டும் அழுத்தம் இறங்கிவிடும். அந்தப் பக்கத்து உண்மையைத்தான் முள் சொன்னது. வரைந்தது அவளேதான்.

ஃபோர்மேன் பின்னாலேயே வந்தார். "விடுங்கக்கா. படத்துல மாத்திட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப்போவுது?"

"இதே படத்துல ஏழு மெஷின் வெளிய போயிருக்குங்க. அங்கயும் யாராவது ஒருத்தர் இப்ப முள்ளைப் பார்த்துட்டு ஸ்பானரைக் கையில எடுத்துட்டிருப்பாரு."

ஃபோர்மேன் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஏழு இடங்களுக்கும் பேசினாள். ஏழு முறையும் முதலில் சொன்னது ஒன்றுதான்: "தப்பு என்னோடது. அழுத்தமானியை நம்பி எதையும் திறக்காதீங்க." ஓர் இடத்தில் அவளைத் திட்டினார்கள். கேட்டுக்கொண்டாள். மாலை ஐந்தே காலுக்கு ஏழாவது அழைப்பு முடிந்தது. ஏழு இடத்திலும் ஆட்கள் முழுசாக இருந்தார்கள். படத்தின் மூலையில் திருத்தம் நான்கு என்று போட்டு, காரணம் என்ற கட்டத்தில் "வரைந்தவரின் பிழை" என்று எழுதினாள். அன்று லாரி காலியாகத் திரும்பியது.

புதிய படத்தில் அழுத்தமானி பாட்டிலின் பக்கம் வந்தது. எண்ணெயைத் திருப்பிவிட ஒன்றுக்கு இரண்டு வால்வுகள்; ஒன்று சிக்கிக்கொண்டாலும் மற்றது திறக்கும், சிக்கியது தெரிந்தவுடன் மெஷின் மறுபடி ஓட மறுக்கும். பாட்டிலைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கூண்டுக் கதவின் பூட்டு விடாது.

பத்தொன்பது நாள் கழித்து அதைச் சோதித்தார்கள். தம்பி மெஷினை அணைத்துவிட்டுக் கதவை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தொட்டிக்குள் எண்ணெய் இறங்கும் சத்தம்.

மாடி ஜன்னலில் அவள் நின்றிருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஃபோர்மேன்தான் கேட்டார்: "டேய், அடங்கிச்சா?"

"இருங்க" என்று தம்பி விரலை உயர்த்தினான்.

பூட்டு டக்கென்று விட்டது.