சந்தனம் வைக்காத கல்

என் மண்டியின் முன்சுவரில் ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒருவரும் பினாங்கிலிருந்து ஒருவரும் சிறுவயதில் கப்பலேறி வந்து, இந்த வீட்டில் தங்கிப் படித்து, பிற்காலத்தில் அவரவர் நாட்டில் பேர்பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. நம்மாட்கள் படிக்க வெளிநாடு போவதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த இரண்டு பேருக்கும் வெளிநாடு என்றால் அருப்புக்கோட்டைதான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்து, இந்தத் தெருவில் மூட்டை சுமந்து, சுமந்த மண்டியையே வாங்கியவன். பந்தல்குடி முதல் காரியாபட்டி வரை மிளகாய் வத்தலுக்கும் கொத்தமல்லிக்கும் நான் வைப்பதுதான் விலை. சந்தேகம் இருந்தால் யாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

அதனால்தான் இலக்கிய மன்றத்து வாத்தியார் வந்து, இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மாணவர் விடுதியாக இருந்த கதையைச் சொல்லி, சுவரில் ஒரு கல் பதிக்கலாமா என்று கேட்டதும், கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: “தாராளமாப் பதிங்க. கல்லும் என் செலவு, அன்னைக்குச் சாப்பாடும் என் செலவு.”

மகனைக் கேட்கவில்லை. கட்டடம் அவன் பேரில் இருக்கிறது, நான்தான் எழுதிவைத்தேன். அவன் இதை இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டப் பேசி முடித்திருந்தான். அன்று மத்தியானம் சாப்பாட்டில் கைவைக்காமலே பேசினான்.

“கல்லு வைங்க, நான் வேணாங்கல. ஆனா சந்தனம், குங்குமம், மாலை, சூடம் ஒண்ணும் கூடாது.”

“ஏம்ப்பா?”

“பொட்டு வச்ச கல்ல நம்ம ஊர்ல எந்தக் கொத்தனாரு தொடுவான்? ஜேசிபிக்காரன் எறங்கிக் கும்பிட்டுட்டுப் போயிருவான். வெறுங்கல்லுன்னா திருகாணியக் கழட்டி மன்றத்துல குடுத்துறலாம்.”

அவன் சொன்னது பொய்யில்லை. பந்தல்குடி ரோட்டில் யாரோ ஒரு மைல்கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டுப் போக, அதைப் பிடுங்க ஆள் கிடைக்காமல் வேலை நின்றதை நானே பார்த்தேன். ஒருமுறை சந்தனம் ஏறிவிட்டால் வீடு பிழைத்தது, மகன் போட்ட திட்டம் போனது. எனக்கு வீடு நிற்க வேண்டும். ஆனாலும், “வைக்க மாட்டேன்” என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

திறப்பு விழாவுக்குக் கொழும்புக்காரரின் மகள் வந்திருந்தார். முக்காடு போட்ட, அறுபது தாண்டிய அம்மா. துணியை விலக்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து எதிர் எண்ணெய்க் கடைக்காரரின் மனைவி தட்டோடு முன்னால் வந்தார். சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து, விளக்கேற்றியே கொண்டுவந்துவிட்டார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. நல்ல காரியம் என்றால் அவராகவே வந்துவிடுவார். விரல் சந்தனத்தில் முங்கிவிட்டது.

நிலைப்படியில் நின்ற மகன் அந்த விரலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“தாயி, பொறு” என்றேன். “சந்தனம் வேணாம்.”

“என்ன அண்ணாச்சி, மொட்டையாவா விடுறது? வாயத் தெறந்தா ஊரையே வெலைக்குக் கேப்பீக. ஒரு பொட்டுச் சந்தனத்துக்கா யோசன?”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், “அவுக பாய் வீட்டு ஆளுகல்ல, அதான்” என்றார். அப்பாடா என்றிருந்தது. தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது.

கொழும்பு அம்மா குறுக்கே வந்தார். “எனக்காக வேணாம் ஐயா. அவங்க ஆசையா வைக்கிறாங்க, வைக்கட்டும். வாப்பா இருந்தா சிரிச்சிருப்பார்.”

இனி ஒளிய இடமில்லை. ஏலத்தில் ஒருநாளும் நான் இப்படி மாட்டியதில்லை.

“ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றேன். “தட்டக் கீழ வச்சிரு தாயி.”

யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, மகன் தலை குனிந்து நின்றான். எண்ணெய்க் கடைக்கார அம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

கல்லைக் கையால் தடவிப் பார்த்த கொழும்பு அம்மா, மாடிக்குப் போகலாமா என்று கேட்டார். “வந்த புதுசுல வாப்பா மாடி ஜன்னல்ல நின்டு, கடல் எந்தப் பக்கம்னு எல்லாரையும் கேப்பாராம்.”

மாடி முழுக்க வத்தல் மூட்டை. மகன் முன்னால் ஏறினான். மூட்டைகளை அவனே இழுத்துத் தள்ளும் சத்தம் கீழே கேட்டது. நெடி இறங்கி எல்லாரும் இருமினோம். இருமலுக்கு நடுவில் அவன் குரல்: “அந்தா, தூத்துக்குடி ரோடு போகுதுல்லம்மா, அந்தப் பக்கந்தான் கடல்.” வெகுநேரம் இருவரும் இறங்கவில்லை. இறங்கியபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. வத்தல் நெடியில் யார் கண்ணும் சிவக்கும்.

அந்த அம்மாவைக் கார் ஏற்றிவிட்டு வந்ததும் கேட்டேன். “எப்பப்பா இடிக்கிற?”

“ஆடி போகட்டும்.”

ஆடி போய்விட்டது. ஆவணியும் போய்விட்டது. போன வாரம் கடை கட்டுகிற ஒப்பந்தக்காரர் வந்து, தெருவில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். மகன் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனான். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். அவர் அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டார். மகன் திரும்பி வந்து தராசுப் பக்கம் உட்கார்ந்தான். அவரிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் விலை வைக்கிற எனக்கு, அதை அவனிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை.