களத்தில் பதிந்த ஷூ தடம்

எழுபதுகளின் தொடக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். டென்னிஸ் மாநில அணித் தேர்வுக்காக அன்று நான் மதராஸுக்கு ரயில் ஏற வேண்டும். பின்னாளில் இந்தியாவுக்காக ஆடினேன், கோப்பைகளும் வாங்கினேன். அன்றைக்கு அந்த ரயிலைத் தவறவிட்டிருந்தால் எதுவுமே இல்லை.

அப்பா மிராசுதார். தஞ்சாவூர் கிளப்பில் ஆடப் பழகிய நான், ஊரில் இருக்கும் நாட்களில் எங்கள் நெற்களத்தில் நின்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் பந்தடிப்பேன். தை அறுவடைக்காகச் செதுக்கி, சாணி மெழுகிய களம். கிளப் தரையெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்! ஷூ காலோடு ஓடிக் குதித்துப் பெயர்த்துவிட்டுப் போவேன். மறுநாள் பார்த்தால் வழவழவென்று இருக்கும். எப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மிராசுதார் மகள் என்ற திமிர்.

அந்த வருடம் அரசு சொன்ன கூலியைக் கேட்டு எங்கள் வயலாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் வீட்டு வண்டி எதுவும் ஊரைத் தாண்டக் கூடாதென்று செங்கொடியோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தேர்வுக்காக ரயிலடிக்குக் கிளம்பிய என் கார் நின்றது. ரயிலுக்கு அரைமணி நேரம்தான். இறங்கிக் கெஞ்சினேன்.

என் வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். எங்கள் வயலில் நடவு நடுபவள். பெயர்கூட எனக்குத் தெரியாது.

"களம் நெல்லு வந்து விழுற எடம், செருப்புக் காலோட யாரும் ஏற மாட்டோம். நீங்க பூட்ஸோட பேத்துப் போட்டுட்டுப் போவீங்க. பொழுது சாஞ்சா நான்தான் வந்து மெழுகுவேன். யாரு மெழுகுறான்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது. "தெரியாம பண்ணிட்டேங்க, மன்னிச்சிருங்க" என்றேன். எங்கள் வீட்டில் யாரும் வயலாட்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "சண்ட இவங்க அப்பாவோட. காரு இங்கயே நிக்கட்டும், இந்தப் பொண்ணு போவட்டும்." கூட்டம் விலகி வழிவிட்டது. என் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வரப்பு வழியா ஓடுனா புடிச்சிரலாம், வாங்க!" என்று ஓட ஆரம்பித்தாள்.

ஈர வரப்பில் ஷூ வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். மாநில அணிக்குப் போகிறவளாம் நான்! அவள் நிழலைக்கூட மிதிக்க முடியவில்லை. ரயில் நகரும்போதுதான் பையை உள்ளே போட்டாள். "செயிச்சிட்டு வாங்க. வந்ததும் களத்த நீங்கதான் மெழுகணும்!"

தேர்வானேன். திரும்பி வந்தபோது கூலிப் பிரச்சினை தீர்ந்து கதிரறுப்பு தொடங்கியிருந்தது. சொன்னபடி சாணியைக் கரைத்து உட்கார்ந்தேன். நான் மெழுகிய லட்சணத்தைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன்பிறகு எந்த ஊரில் ஆடப் போனாலும், தரையைப் பராமரிப்பவரைத் தேடிப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் மட்டையைத் தொடுவேன். எத்தனையோ பேரை ஆடி ஜெயித்திருக்கிறேன். அந்த வரப்பில் எனக்கு முன்னால் ஓடியவளை மட்டும் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.